எல்பிஏ கடல் கடக்குமா?

“அப்பாவுக்கு இங்கே எல்பிஏ பதிந்தாயிற்று. தஞ்சாவூர் வீட்டுக்கும் அதுவே போதும்தானே?” சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. (முடிவெடுக்கும் திறன் போனால் தமக்காக யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் அதிகாரப் பத்திரம்தான் எல்பிஏ.) போதாது. இதே எல்பிஏ பாரிஸ் மருத்துவமனையில் ஓரளவு வேலை செய்யும், பெர்லினிலும் செய்யும், லண்டனில் வேறு வகையில் செய்யும். நமக்கு அதிகம் தேவைப்படும் தமிழ்நாட்டிலும் மலேசியாவின் ஜொகூரிலும்தான் அது கைகொடுப்பதில்லை. ஏன் அப்படி, அதற்கு முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம் என்பதைப் பற்றியது இந்தப் பதிவு.

சிங்கப்பூரிலிருந்தே தொடங்குவோம். மறதி நோய், பக்கவாதம், தலையில் அடிபடுதல் போன்றவற்றால் சொந்தமாக முடிவெடுக்க இயலாதவர்களுக்கான சட்டம் இங்கே 2008ஆம் ஆண்டின் மென்டல் கெப்பாசிட்டி சட்டம். நடப்புக்கு வந்தது 2010 மார்ச் 1. அதன் அடிப்படை எளிது. ஒருவரால் முடியாது என்று நிரூபிக்கப்படும்வரை அவரால் முடியும் என்றே கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்வதற்கு நான்கு சோதனைகள்: விவரத்தைப் புரிந்துகொள்ள முடிகிறதா, முடிவெடுக்கும் நேரம்வரை அதை மனத்தில் வைத்திருக்க முடிகிறதா, எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா, எடுத்த முடிவை ஏதோ ஒரு வழியில் தெரிவிக்க முடிகிறதா. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த முடிவை எடுக்கும் திறன் அவருக்கு இல்லை. “அந்த முடிவை” என்பதைக் கவனிக்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்பவருக்கு வீட்டை விற்கும் திறன் இல்லாமல் இருக்கலாம். “டிமென்ஷியா இருக்கிறது” என்று ஒற்றை வரியில் வாங்கிய மருத்துவச் சான்று நீதிமன்றத்தில் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

திறன் இருக்கும்போதே, பின்னாளில் யார் தமக்காக முடிவெடுக்கலாம் என்று எழுதிவைப்பது எல்பிஏ. எழுதுபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், அதிகாரம் பெற நியமிக்கப்படும் டோனீக்கும் அப்படியே. பணம், சொத்து தொடர்பான அதிகாரம் பெறுபவர் கடனில் நொடித்துப்போனவராக இருக்கக்கூடாது. அதிகாரம் இரு வகை: உடல்நலம், தங்குமிடம், பராமரிப்பு போன்ற சொந்த நலன் ஒன்று, சொத்தும் பணமும் இன்னொன்று. படிவமும் இரண்டு. முதலாம் படிவம் பொதுவான அதிகாரங்களைத் தரும், பெரும்பாலோர் எடுப்பது அதைத்தான். இரண்டாம் படிவத்தில் சிறப்பு ஏற்பாடுகளை வழக்கறிஞர் எழுதித் தருவார். வெளிநாட்டில் சொத்து உள்ளவர்கள் முதலாம் படிவத்தோடு நின்றுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தச் சட்டம் பொருந்தும், எந்த நாட்டுச் சொத்து சேரும் என்று எழுத அதில் இடமில்லை.

2022 நவம்பரிலிருந்து இதெல்லாம் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தின் இணையத்தளத்தில், சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளம்) வழியாக நடக்கிறது. எழுதுபவர் வரைவைத் தயாரிப்பார். டோனீக்கள் தத்தம் சிங்பாஸில் ஒப்புக்கொள்வார்கள். பிறகு எழுதுபவர் சான்றளிப்பவரை நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். சான்றளிப்பவர் என்பவர் இதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ மனநல மருத்துவராகவோ இருப்பார். எழுதுபவருக்கு விஷயம் புரிகிறதா, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று அவர் கேட்டறிவார். நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் தடுமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆங்கிலம் மட்டும் பேசும் மருத்துவரிடம் அம்மாவை அழைத்துப்போய், டோனீயாகப் போகும் மகனே பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் அந்தச் சான்றுக்கு என்ன மதிப்பு? தமிழ் பேசும் சான்றளிப்பவரைத் தேடிப் பிடியுங்கள், சிங்கப்பூரில் அது பெரிய வேலையில்லை. பதிவுக்கு அனுப்பிய பிறகு யாரும் எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு காத்திருப்புக் காலமும் உண்டு. நாளைக்கு அறுவை சிகிச்சை என்றால் இன்றைக்கு எல்பிஏ எடுக்க முடியாது.

எல்பிஏ எழுதிய மறுநாளே டோனீயின் கைக்கு அதிகாரம் வந்துவிடாது. எழுதியவர் திறனை இழந்த பிறகே அது உயிர் பெறும், அதற்கு மருத்துவர் சான்று வேண்டும். அதன் பிறகும் டோனீயால் செய்ய முடியாதவை சில: உயில் எழுதுவது, மசேநிதிக்கு (மத்திய சேமநிதி) வாரிசு நியமிப்பது, திருமணத்துக்கு ஒப்புதல் தருவது, மதம் மாற்றுவது, உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பது. கடைசியாகச் சொன்னது மருத்துவர்களின் பொறுப்பு.

எல்பிஏ இல்லாமலே திறன் போய்விட்டால் குடும்ப நீதிமன்றத்தில் டெபுட்டி (அவருக்காக முடிவெடுக்க நீதிமன்றம் அமர்த்துபவர்) நியமனம் கேட்க வேண்டும். சொந்த நலன், சொத்து என்ற இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணத்துடன் கருத்துச் சொல்லும் அண்மைய மருத்துவ அறிக்கை, சொத்து விவரம், மாதச் செலவு, நெருங்கிய உறவினர்களின் ஒப்புதல் எல்லாம் தேவை. அண்ணன் சென்னையில், தங்கை சிட்னியில் என்றால் ஒப்புதல் கடிதங்கள் வந்து சேர்வதற்குள் மருத்துவ அறிக்கை பழசாகிவிடும். ஒப்புதல்களை முதலில் திரட்டிவிட்டு அறிக்கையைக் கடைசியில் வாங்குவதே சரியான வரிசை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்க வேண்டியிருந்தால் அந்த அதிகாரத்தை மனுவிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். பொதுவான உத்தரவை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு திரும்பவும் நீதிமன்றம் போகிறவர்கள் நிறையப் பேர்.

இனி தஞ்சாவூர் வீடு.

தமிழ்நாட்டில் சொத்து விஷயம் என்றதும் எல்லாரும் எடுப்பது “பவர்”. மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 201ஆம் பிரிவைப் படித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். குடை மழை வந்ததும் மடங்கிக்கொள்கிற மாதிரி. முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் 202ஆம் பிரிவு விலக்குத் தருகிறது, ஆனால் வெறும் வசதிக்காகப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த பவருக்கு அது பொருந்தாது. நம்முடைய எல்பிஏ போல, திறன் போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம் என்ற ஒன்று இந்தியச் சொத்துச் சட்டத்தில் இல்லை.

இந்த ஓட்டையை மேலும் மோசமாக்குவது பதிவு அலுவலக நடைமுறை. தமிழ்நாட்டில் பவரை வைத்து விற்பனை செய்யும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரின் சான்று கேட்பார்கள். உயிரோடு இருக்கிறார் என்பதைத்தான் அது சொல்லும், தெளிவோடு இருக்கிறார் என்று சொல்லாது. அதனால் மறதி நோய் முற்றிய அப்பாவின் பழைய பவரை வைத்துப் பத்திரம் பதிவாகிவிடுவதும் நடக்கிறது. பதிவாகிவிட்டதே என்று நிம்மதிப்படக் கூடாது. பங்கு கிடைக்காத ஒரு தங்கை, பவர் செயலிழந்த பிறகு நடந்த விற்பனை இது என்று பின்னாளில் வழக்குப் போட்டால், வாங்கியவர் விற்றவரைத் தேடி சிங்கப்பூருக்கே வருவார்.

சரி, திறன் இழந்தவருக்கு இந்தியாவில் காப்பாளரை நியமிக்க எந்தச் சட்டம்? சட்டங்கள் மூன்று நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை மட்டுமே மூடுகிறது. 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கலாம். ஆனால் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும்தான். எழுபது வயதில் மறதி நோய் வந்தவர் அதில் வரமாட்டார். 2016ஆம் ஆண்டின் உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு “வரையறுக்கப்பட்ட காப்பாளர்” என்ற ஏற்பாட்டைத் தருகிறது. அது குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து எடுக்கும் முடிவுக்கானது. கோமாவில் இருப்பவரோடு யார் கலந்து பேசுவது? 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றம் சொத்துக்கு மேலாளர் நியமிக்க வழி இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அத்தியாயமே இல்லை. அது தரும் “நியமனப் பிரதிநிதி” சிகிச்சை விஷயங்களுக்கு மட்டுமானவர்.

எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றம். அரசியல் சாசனத்தின் 226ஆவது கூற்றின்கீழ் ரிட் மனு போட்டு, ஆதரவற்றவருக்கு நீதிமன்றமே பெற்றோர் நிலையில் நின்று காப்பாளரை நியமிக்கும்படி கேட்பது. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் கோமா நிலையில் இருப்பவர்களுக்காக இதற்கு விரிவான நெறிமுறை வகுத்தது: நரம்பியல் மருத்துவர் அடங்கிய மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய்த்துறை அதிகாரி குடும்ப நிலவரத்தை விசாரித்து அறிக்கை தர வேண்டும், காப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024 மே மாதம் ஒரு வழக்கு. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைச் செலவைச் சமாளிக்க மனைவி கேட்டார். சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார் தனி நீதிபதி. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே காப்பாளராக நியமித்தது. விற்ற தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பில் போட வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. உங்களுக்கும் இப்படித்தான் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாலும், வழக்கறிஞரிடம் போகும்போது இந்த இரண்டு தீர்ப்புகளையும் கேட்டுப் பேசுங்கள்.

“சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வாங்கிய டெபுட்டி உத்தரவை இந்தியாவில் நிறைவேற்ற முடியாதா? சிங்கப்பூர் பரஸ்பர நாடுதானே?” என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள். பரஸ்பர நாடுதான். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் சிங்கப்பூர்த் தீர்ப்பை இந்திய மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றலாம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது பணம் செலுத்தச் சொல்லும் தீர்ப்பைப் பற்றி. “இன்னாருக்காக இன்னார் முடிவெடுக்கலாம்” என்ற உத்தரவு அதில் அடங்காது. உயர் நீதிமன்றத்தில் புதிதாக மனு போடும்போது சிங்கப்பூர் உத்தரவையும் மருத்துவ அறிக்கையையும் சான்றாக இணைக்கலாம். அதற்கு மேல் அதற்கு வலு இல்லை.

மலேசியாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே எல்பிஏ என்ற ஏற்பாடே இல்லை. 1949ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் மனநிலை சரியில்லாதவர் என்று தீர்ப்பானால் பத்திரம் முடிந்தது. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் பத்தாம் பகுதியின்கீழ் உயர் நீதிமன்றத்தில் விசாரணை கோரி, சொத்துக்கும் ஆளுக்கும் “கமிட்டி” ஒன்றை நியமிக்கக் கேட்க வேண்டும். கமிட்டி என்று பெயர் இருந்தாலும் அது ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

ஹேக் ஒப்பந்தம் எங்கே வருகிறது?

இப்படி நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்போது நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்றுதான் 2000 ஜனவரி 13இல் ஹேக் நகரில் வயதுவந்தோரின் அனைத்துலகப் பாதுகாப்பு பற்றிய ஒப்பந்தம் உருவானது. ஸ்காட்லாந்துக்காக பிரிட்டன், பிறகு ஜெர்மனி, பிரான்ஸ் என மூன்று நாடுகள் ஏற்ற பிறகு 2009 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. சுவிட்சர்லாந்து, ஃபின்லாந்து, ஆஸ்திரியா, செக் குடியரசு, போர்ச்சுகல், பெல்ஜியம் என்று ஐரோப்பாவுக்குள்ளேதான் அது வளர்ந்தது. சிங்கப்பூர், இந்தியா, மலேசியா மூன்றும் ஹேக் மாநாட்டு அமைப்பில் உறுப்பு நாடுகள். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் மூன்றும் சேரவில்லை. அமைப்பில் உறுப்பினராக இருப்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதையும் பலர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒப்பந்தம் சொல்வது என்ன? 18 வயது நிறைந்தவர், உடல் அல்லது மனத் திறன் குறைவால் தம் நலனைக் காத்துக்கொள்ள முடியாதவர், அவருக்கு எந்த நாட்டு நீதிமன்றம் பொறுப்பு என்பதை முதலில் தீர்க்கிறது. வழக்கமாக எங்கே வாழ்கிறாரோ அந்த நாடு என்பது ஐந்தாம் கூற்று. குடியுரிமை உள்ள நாட்டுக்கு இரண்டாவது இடம். சொத்து இருக்கும் நாடு அந்தச் சொத்தைப் பொறுத்தமட்டில் நடவடிக்கை எடுக்கலாம். அவசரம் என்றால் ஆள் இருக்கும் இடமோ சொத்து இருக்கும் இடமோ போதும். ஓர் உறுப்பு நாடு எடுத்த நடவடிக்கையை மற்ற உறுப்பு நாடுகள் தாமாகவே ஏற்க வேண்டும் என்பது 22ஆவது கூற்று. நியமிக்கப்பட்டவர் கையில் காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் தரலாம் என்பது 38ஆவது. வாரிசுரிமை, திருமணம், டிரஸ்ட், ஜீவனாம்சம் போன்றவை இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே.

நமக்கு உண்மையில் பயன்படும் பகுதி 15ஆவது கூற்றும் 18ஆவது கூற்றும். பின்னாளில் திறன் போகும்போது பயன்படுத்த ஒருவர் எழுதிவைத்த அதிகாரப் பத்திரம் செல்லுமா, எவ்வளவு தூரம் செல்லும், எப்போது முடியும் என்பதை, அவர் எழுதிய நேரத்தில் வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கும் என்கிறது 15. அந்த நாடு ஒப்பந்தத்தில் சேராத நாடாக இருந்தாலும் அதன் சட்டத்தையே பொருத்த வேண்டும் என்கிறது 18. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தோ பாயோவில் வாழும் ஒருவர் சிங்கப்பூரில் எல்பிஏ எழுதுகிறார். பிறகு பாரிஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் பக்கவாதம் வருகிறது. அந்த எல்பிஏவின் செல்லுபடியை பிரெஞ்சு அதிகாரிகள் சிங்கப்பூர்ச் சட்டப்படிதான் பார்க்க வேண்டும். அதிகாரத்தைப் பயன்படுத்தும் முறை மட்டும் பிரெஞ்சுச் சட்டப்படி. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இதே நிலை. அந்த நாடுகளில் ஈழத்தமிழ் உறவினர்கள் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்கள் எத்தனை!

அதே குடும்பம் சிங்கப்பூரில் எல்பிஏ எழுதாமல் டெபுட்டி உத்தரவு வாங்கியிருந்தால்? 22ஆவது கூற்றின் ஏற்பு உறுப்பு நாடுகளின் உத்தரவுகளுக்கு மட்டும்தான். சிங்கப்பூர் உறுப்பு நாடு இல்லை. ஆக அந்த உத்தரவு ஒப்பந்தத்தின் வழியாகப் போகாது, அந்தந்த நாட்டின் உள்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால்தான் உண்டு. இங்கே நீதிமன்ற உத்தரவுக்கே எடை அதிகம் என்று நாம் நினைக்கிறோம். ஐரோப்பாவில் பார்த்தால், சொந்தமாக எழுதிவைத்த தாளே அதைவிட நன்றாகப் பயணம் செய்கிறது. எல்பிஏ எடுக்கச் சொல்ல எனக்குத் தெரிந்த காரணங்களில் இது அதிகம் பேசப்படாத ஒன்று.

எழுதும்போதே எந்த நாட்டுச் சட்டம் பொருந்த வேண்டும் என்று குறிப்பிடவும் 15ஆவது கூற்று இடம் தருகிறது, எழுத்தில், வெளிப்படையாக. ஆனால் மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம்: குடியுரிமை நாடு, முன்பு வழக்கமாக வாழ்ந்த நாடு, அல்லது சொத்து இருக்கும் நாடு (அந்தச் சொத்துக்கு மட்டும்). லியோனில் ஒரு அடுக்குமாடி வீடு வைத்திருப்பவர் இரண்டாம் படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாம், அல்லது பிரான்ஸில் 2009 முதல் உள்ள எதிர்காலப் பாதுகாப்பு ஆணையை அங்கேயே தனியாக எழுதலாம். சுவிட்சர்லாந்தில் 2013 முதல் அதற்கு ஈடான முன்னேற்பாட்டுப் பத்திரம் உண்டு. ஒன்று எச்சரிக்கை: இரண்டு நாட்டில் இரண்டு பத்திரம் எழுதும்போது, பின்னது முன்னதை ரத்து செய்வதாக ஒரு வாக்கியம் வழக்கறிஞர் அலுவலகத்தின் பழைய நகலிலிருந்து நழுவி வந்துவிடும். இரண்டையும் ஒரே வழக்கறிஞர் படித்துப் பார்க்கட்டும்.

இங்கிலாந்து தனி வகை. ஒப்பந்தம் ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஏற்கப்பட்டாலும், இங்கிலாந்து 2005ஆம் ஆண்டின் தன் மென்டல் கெப்பாசிட்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அதே விதிகளை எழுதிக்கொண்டது. ஒருவர் வழக்கமாக வாழும் நாடு எடுத்த பாதுகாப்பு நடவடிக்கையை, அந்த நாடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அங்கே ஏற்கலாம். சிங்கப்பூரில் வாழ்பவருக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் தந்த டெபுட்டி உத்தரவு லண்டன் நீதிமன்றத்தில் ஏற்புக் கேட்க வழி உண்டு. நம்முடைய சட்டம் பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது, ஆனால் அந்த மூன்றாம் அட்டவணை மட்டும் வரவில்லை. இந்தியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ நியமிக்கப்பட்ட காப்பாளர் சிங்கப்பூர் வங்கிக்கு வந்து உத்தரவைக் காட்டினால், அதை அப்படியே ஏற்கச் செய்யும் பொதுவான பதிவு முறை இங்கே கிடையாது. வெளிநாட்டு உயில் ஒப்புதல் ஆணைக்கு இங்கே மறுமுத்திரை இட்டு இங்கும் செல்லச்செய்யும் நடைமுறை உண்டு என்பதால், காப்பாளர் உத்தரவுக்கும் அது உண்டு என்று நினைத்து வருகிறார்கள். இல்லை. புதிதாக டெபுட்டி மனு போட வேண்டும், வெளிநாட்டு உத்தரவு அதற்குச் சான்றாகும்.

உடற்குறையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐநா ஒப்பந்தம் இந்தச் சிக்கலைத் தீர்க்காதா என்று கேட்கலாம். அதை இந்தியா 2007இலும் சிங்கப்பூர் 2013இலும் ஏற்றன. சட்டத்தின்முன் சமமான அங்கீகாரம் பற்றிய அதன் 12ஆவது கூற்றில், பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சீராக மறுஆய்வு செய்வது உள்ளிட்ட நான்காம் பத்திக்குச் சிங்கப்பூர் தன் நடப்பு முறையையே தொடரும் என்று விலக்கு வைத்திருக்கிறது. எது எப்படியோ, எந்த நாட்டு உத்தரவு எங்கே செல்லும் என்பதை அந்த ஒப்பந்தம் பேசவில்லை.

ஆளையே அழைத்துப் போய்விட்டால்

சொத்தைவிடக் கசப்பானது இது. மறதி நோய் உள்ள அம்மாவை ஒரு பிள்ளை “ஊர்க் கோயிலுக்கு” என்று சொல்லி அழைத்துப்போய்த் திருச்சியிலேயே வைத்துக்கொள்கிறார், மற்றவர்களைப் பார்க்க விடுவதில்லை. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது, ஆனால் அது 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும். இந்தியா அதிலும் இல்லை. வயதுவந்தோர் ஒப்பந்தத்திலோ “உடனே திருப்பி அனுப்பு” என்ற ஏற்பாடே இல்லை. சிங்கப்பூரில் டெபுட்டி உத்தரவு இருந்தால் இங்குள்ள வங்கிக் கணக்கையும் வீட்டையும் காப்பாற்றலாம், ஆளைத் திரும்பக் கொண்டுவர இந்திய நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். பிள்ளைகளுக்குள் ஒத்துப்போகாது என்று தெரிந்த பெற்றோர் எல்பிஏவில் இருவரையும் “சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும்” என்று போடுவது சமாதானத்துக்கு வழி என்று நினைக்கிறார்கள். ஒருவர் முரண்டுபிடித்தால் எதுவுமே நகராது. ஒருவரை டோனீயாகவும் மற்றவரை மாற்று டோனீயாகவும் வைப்பது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

திறன் இருக்கும்போதே

இந்தியச் சொத்துக்கு இங்கிருந்தே செய்யக்கூடியது, திறன் போவதற்கு முன் உரிமையை ஒழுங்குபடுத்துவது. விற்க வேண்டியதை விற்பது ஒரு வழி. பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி, தமக்கு ஆயுள்கால உரிமையை வைத்துக்கொள்வது இன்னொரு வழி. எழுதினால் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு பின்னாளில் பிடிமானமாகும். வாய்வார்த்தையாக விடுவது ஆபத்து.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு வயது ஒரு பொறி. சிங்கப்பூரில் 21, இந்தியாவில் 18. பாட்டி சொத்தில் பங்கு வந்த பேரனுக்கு 18 முடிந்ததுமே இந்தியாவில் பெற்றோரின் கையெழுத்து செல்லாது. இங்கே இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடக்கூடாது. அவனுடைய குறைபாடு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் நான்கில் அடங்கினால் உள்ளூர்க் குழுவிடம் 18 வயதிலேயே விண்ணப்பிக்கலாம்.

குறுகிய கால வேலைக்குச் சாதாரண பவர்தான் வேண்டும் என்றால், எழுதுபவர் தெளிவோடு இருக்கும்போது இங்கேயே நோட்டரி முன்னோ இந்தியத் தூதரகத்திலோ கையொப்பமிடலாம். இந்தியப் பதிவுச் சட்டம், 1908இன் 33ஆம் பிரிவு இரண்டையும் ஏற்கிறது. நோட்டரி வழி என்றால் சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் காட்டுவதற்கான சான்று) வேண்டும். 2021 செப்டம்பர் 16 முதல் இது இங்கே கிடைக்கிறது. இந்தியா 2005இலேயே அந்த ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டது. கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதை மட்டும்தான் அப்போஸ்டில் சொல்லும். எல்பிஏவுக்கு அப்போஸ்டில் போட்டுத் தமிழ்நாட்டுச் சார்பதிவாளரிடம் நீட்டுவதில் பயனில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். பவர் பத்திரம் இந்தியாவில் கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். கூரியர் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். மறதி நோயின் முதல் அறிகுறி தெரிந்தவர் கையெழுத்திடுகிறார் என்றால், அதே நாளில் அல்லது அதற்கு முந்தின நாளில் மருத்துவரிடம் திறன் பற்றி ஒரு குறிப்பு வாங்கி, பவரோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அதில் எந்தச் சொத்து, யாருக்கு அதிகாரம், எதற்காக என்று அவர் தம் வாயால் சொன்னதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.